கூரை வெட்டிய கார்

காரின் கூரையை வெட்டி எடுப்பது பெரிய வேலை இல்லை, அய்யா. இரண்டு ஆள் இருந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். வெட்டிய பிறகும் அது காராக இருக்க வேண்டும், அதுதான் வேலை.

என் பெயர் கன்னையன். திருப்பூரில் காங்கேயம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. நீங்கள் ஆள் அனுப்பும் முன் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. படியூர் தாண்டி அந்தப் பாலத்தில் முறிந்து கிடந்த வண்டியைப் பார்வையிட்ட அதிகாரி, வெல்டிங் விட்டுப்போனது என்று எழுதியிருக்கிறாராம். அது தப்பு. என் கை வைத்த வெல்டிங் இன்றுவரை எங்கேயும் விட்டதில்லை. அதைத் திருத்தி எழுத வேண்டுமானால் மற்றதையும் நான் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம், அறுபத்தெட்டு ஐப்பசியில், ஞானசம்பந்தம் அந்தக் காரைக் கொண்டுவந்தார். பனியன் கம்பெனியின் சின்ன முதலாளி. ஊட்டியில் ஏதோ ஒரு எஸ்டேட் துரை விட்டுப்போன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாக, சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது. அவருக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும். வாடகைக்குப் பிடித்தால் கௌரவக் குறைச்சல் என்று சொந்தக் காரின் கூரையை வெட்டச் சொன்னார்.

லாரிக்கு அடியில் சேஸிஸ், அதாவது பாரம் தாங்கும் இரும்புச் சட்டம், தனியாக இருக்கும். மேலே எதை வெட்டினாலும் அது தாங்கிக்கொள்ளும். இந்தக் காருக்கு அப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் சேஸிஸ். தீப்பெட்டியின் மேல்கூட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அழுத்திப் பாருங்கள், புரியும். அதனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களில் இரும்பு ஆங்கிள் கொடுத்து இறுக்கினேன். கூரையை எடுத்தபின் இரண்டு கதவுக்கும் கீழே நீளவாக்கில் பெட்டிச் சட்டம் வைத்தேன். தரைக்கு மேல் சீட்டுக்கு அடியில் லாரிக்குப் போடும் இரும்புச் சேனலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி மாதிரி போட்டு, நான்கு முனையையும் பெட்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். பதினெட்டு நாள். ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். மற்ற மூலையும் கூடவே எழுந்தது, கதவு அசையவில்லை. என் ஆயுளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

ஞானசம்பந்தம் சிநேகிதர்கள் மூன்று பேரோடு வந்தார். உட்கார்ந்து பார்த்தார். சேனல் வைத்ததில் சீட்டு இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. ஆள் நல்ல உயரம், முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது.

"ஏனுங் கன்னையண்ணா, காரு கேட்டா கட்டவண்டி பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றார். சிநேகிதர்கள் சிரித்தார்கள். "அடியில வெச்சதையெல்லாம் அறுத்து எடுத்துருங்க."

"அது இல்லாட்டி வண்டி நடுவுல தொஞ்சுருமுங் தம்பி" என்றேன்.

"நீங்க லாரி கட்டறவருங்க. ஸ்போர்ட்ஸ் காரப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

எங்கள் ஊரில் அவமானப்படுத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் அவமானப்படுத்துவார்கள். என் பட்டறை ஆட்கள் ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னபடியே செய்தேன். அடுத்த நாளே சேனலை அறுத்தேன், பெட்டிச் சட்டத்தையும் அறுத்தேன், மேலே மெல்லிய தகடு மூடி பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வண்டி முறிந்த இடம் அதுதான். வெல்டிங் இருந்த இடமல்ல, வெல்டிங்கை எடுத்த இடம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஊர்வலம் நடந்தது. இரண்டு பேர் உட்காரும் காரில் எட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். பின்னால் மடித்து வைத்த படுதாக் கூரையின் மேல் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். நடை வேகத்தில்தான் போனது, ஒன்றும் ஆகவில்லை. நானும் ரோட்டோரம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகாததில் எனக்கு நிம்மதி என்று சொல்ல ஆசைதான். நிம்மதியாக இல்லை. கேட்டாயா, சேனல் இல்லாமலே ஓடுகிறது என்று ஊரே சொன்ன மாதிரி இருந்தது.

மாசியில் வண்டி திரும்பி வந்தது. கதவு இறுகுகிறது என்றார். நடுப்பகுதி தொய்ந்தால் கதவு வாசலின் மேற்பக்கம் குறுகும், கதவின் முனை உரசும். தனக்கு உடம்பு சரியில்லை என்று அந்த மாதிரிக் கார் சொல்வதற்கு வேறு வழி இல்லை. நான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"கதவுதானுங்க? கொஞ்சம் ராவி உடுங்க, போதும்" என்றார்.

அவரையும் குறை சொல்ல மாட்டேன். பனியனில் கண் விட்டுப்போய் ஓட்டை விழுந்தால் ஊசியால் கோத்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். மேலே தெரியாவிட்டால் குறையே இல்லை. அந்தத் தொழிலிலேயே வளர்ந்தவர். ஏன் இறுகுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அரத்தை எடுத்துக் கதவின் முனையைக் கால் நூல் ராவினேன். எங்கள் பட்டறை அளவில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். கதவு சுகமாக மூடியது.

சித்திரையில் மறுபடி வந்தது, அரை நூல் ராவினேன். வைகாசியில் வந்தபோது அடியில் படுத்துப் பார்த்தேன். தரைத் தகட்டில் குறுக்கே ஒரு விரிசல், நகம் உள்ளே போனது. கோயமுத்தூரில் வேறு மெக்கானிக் யாராவது பார்த்தால் சொல்லிவிடுவான் என்று தோன்றியது. விரிசலை மக்குப் பசையால் அடைத்துத் தேய்த்துத் தார் பூசினேன். நல்ல சுத்தமான வேலை. நீங்கள் இப்போது பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டில் விட வேண்டும் அல்லவா. அந்தப் பெண் சாரதாமணிக்குச் சொந்த ஊர் காங்கேயம். போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் கிளம்பி வந்து, வழியில் என் பட்டறையில் நிறுத்தினார்கள். அவர் பக்கத்துக் கதவு மூடவே இல்லை. என்னை ராவச் சொல்லிவிட்டு அவர் எதிர்க்கடைக்கு சிகரெட் வாங்கப் போனார். அந்தப் பெண் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றது. மடியில் வைத்திருந்த பழக்கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஏனுங்ணா, இந்தக் கதவு மாசத்துக்கு ஒருக்கா இப்படி இறுகுதே, வண்டியில ஏதாச்சும் கோளாறுங்களா? அவரு சிரிக்கறாருங்க. எனக்கென்னமோ பயமா இருக்குதுங்க."

கேட்டது, அய்யா. இத்தனை மாதத்தில் அந்த ஒரு ஆள்தான் என்னிடம் கேட்டது.

"ஒண்ணுமில்லீங் அம்மிணி. மழைக்குக் கதவு ஊறிக்கும். தைரியமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

இரும்பு ஊறாது. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னாச் சரிங்ணா" என்று கூடையில் இருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். படியூர் தாண்டினால் ஒரு தூக்கலான பாலம் இருக்கிறது என்பதும், அதில் அவர் எந்த வேகத்தில் ஏறுவார் என்பதும் எனக்குத் தெரியும். முக்கால் நூல் ராவினேன். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து புடவையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, அந்தப் பக்கத்துக் கதவை நானே மூடிவிட்டேன்.

அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.