பத்னோட் வீட்டு மேப்பிள் மரம் விழுந்த விதம்

என் பெயர் அரியான் லெத்தூர்னோ. வயது இருபத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. சேன்ட்-லுடிவீன் கிராமம், நான்காம் வரிசைச் சாலையில், சாலையோர மரச்சிலுவையைத் தாண்டி இரண்டாவது வீட்டில் என் அக்கா மிலேனுடன் வசிக்கிறேன். கிராம நூலகத்தில் வேலை செய்கிறேன். என் மீது பக்கத்து வீட்டுக்காரர் ரெஜான் பத்னோட் கொடுத்திருக்கும் புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் சார்ஜென்ட் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் சொல்வதை அவர் தட்டச்சு செய்கிறார்.

என் அக்காவுக்குத் தசைகள் தளர்ந்துபோகும் நோய். தொண்டையில் போட்ட குழாய் வழியாக ஒரு இயந்திரம் அவளுக்காக மூச்சு விடுகிறது. அந்த இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் நின்றால் அதன் பாட்டரி ஒரு பகல் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. மாநிலத்தில் இந்தப் பக்கம் உறைமழை விழுகிற இடம். மழை தண்ணீராகத்தான் இறங்கும், கம்பியிலும் கிளையிலும் பட்டவுடன் கண்ணாடியாக இறுகும். தொண்ணூற்றெட்டாம் வருடப் பெரிய உறைமழையில் எங்கள் சாலையில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து நான்கு வீடுகளும் சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் வாங்கின. அது நிற்பது பத்னோட் வீட்டுக் கொட்டகையில். மின்சாரம் போனால் முதலில் அது எங்கள் வீட்டுக்கு வரும், பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போகும் என்பது பேச்சு.

ரெஜான் பத்னோட் வருடாவருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தன் கேரவனில் ஃப்ளோரிடா போய்விடுவார். வீட்டுச் சாவியும் கொட்டகைச் சாவியும் என்னிடம் இருக்கும். வாரம் ஒருமுறை போய் வீட்டைச் சூடாக்கும் அடுப்பும் தண்ணீர்க் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். குளிர்காலத்துக்குத் தெற்கே போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போவது எங்கள் வழக்கம். அந்தச் சாவியை அவர் இப்போது திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை வானிலை அறிவிப்பில் திங்களன்று உறைமழை என்று சொன்னார்கள். முதலில் பத்து மில்லிமீட்டர் என்றார்கள். மதியம் பார்த்தபோது அது இருபதாகியிருந்தது, மாலையில் சில இடங்களில் நாற்பது வரை என்று எழுதியிருந்தது. இருபதுக்குக் கிளை ஒடியும், நாற்பதுக்குக் கம்பம் சாயும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் ஆற்றுப் பள்ளத்தின் வழியாகக் குளிரை இழுத்துவந்து தரையோடு பிடித்து வைக்கும். தெற்குக் காற்றாகத் திரும்பினால் வெறும் மழைதான். எப்போது திரும்பும் என்பதில் அறிவிப்புக்கு அறிவிப்பு மாற்றம் இருந்தது. காற்றின் திசை பார்க்கப் பின்பக்கத் துணிக்கொடியில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிவைத்தேன். அதைப் பார்க்க எத்தனை முறை வெளியே போனேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை செருப்பில்லாமல் போய்விட்டேன்.

அதன் பிறகு மிலேனிடம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். போவதென்றால் மழைக்கு முன்பே போக வேண்டும், சாலை கண்ணாடியான பிறகு ஆம்புலன்ஸ் வராது. போன குளிர்காலம் இதே மாதிரி ஓர் அறிவிப்பை நம்பி அவளைக் கொண்டுபோனேன். மழை எங்களுக்குத் தெற்கே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு நுரையீரலில் சளி பிடித்து, வீடு திரும்பும்போது ஈஸ்டர் கழிந்திருந்தது. அவளால் மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடியும். "நீ வானத்தப் பாத்தா... எனக்குத்தான் காய்ச்சல் வருது," என்றாள். பிறகு, "அந்த ஆஸ்பத்திரி சூப்ப நீ குடிக்கிறியா... அப்ப வரேன்," என்றாள். நான் வற்புறுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய வாக்குவாதத்தில் அதுதான் கடைசி வார்த்தை.

அதன் பிறகு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கலாம் என்று பத்னோட் கொட்டகையைத் திறந்தேன். அது நிற்கிற இடத்தில் சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உடனே ஃப்ளோரிடாவுக்கு ஃபோன் செய்தேன்.

"ரெஜான், ஜெனரேட்டர் எங்க?"

"கொட்டகையிலதான்..." என்றவர் நிறுத்தினார். "அட கடவுளே. அது எங்கிட்ட இருக்கு, பொண்ணே."

"உங்ககிட்டன்னா?"

"கேரவன்ல. என்னோடது புகைய ஆரம்பிச்சுது. மார்ச்ல கொண்டாந்து வச்சிரலாம்னு எடுத்துட்டு வந்தேன். அஞ்சாறு வருசமா நம்ம பக்கம் பெருசா ஒண்ணும் வரலையே."

"திங்கக்கிழம வருது."

"ரேடியோக்காரன் வருசா வருசம் பயமுறுத்துறான். அவனுக்கு வேற பொழப்பு?"

பின்னணியில் யாரோ சீட்டாட்டத்தில் சிரிப்பது கேட்டது. அவர் வீட்டு முன்னால் சாலையோரம் நிற்கிற மேப்பிள் மரத்தின் கிளை எங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பிக்கு மேல் நீண்டிருப்பதை அவரிடம் சொன்னேன். அந்தக் கிளையை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதத் தொடாத. எங்கப்பா வச்ச மரம். பெரிய ஐஸையே வாங்கிட்டு நின்னது. உன்னையும் என்னையும் விட அதுக்கு வைராக்கியம் ஜாஸ்தி."

அவர் மறுத்தார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வேறு விதமாகப் புரிந்துகொள்ள அதில் இடமில்லை.

அதன் பிறகு மின்சார நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். மரம் தனியார் நிலத்தில் இருப்பதால் உரிமையாளர்தான் கேட்க வேண்டும், கேட்டாலும் வசந்தத்தில்தான் ஆட்கள் வருவார்கள் என்றார்கள். ஊரில் இருந்த இரண்டு கடைகளிலும் ஜெனரேட்டர் தீர்ந்துவிட்டது. இரண்டாவது கடையில் எனக்கு முன்னால் நின்றவர் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மீது கோபம் வந்தது, காரணம் தெரியவில்லை.

அதன் பிறகு ஞாயிறு காலை லொரேன் புரூயார் வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் வரிசைச் சாலையில் மேப்பிள் தோப்பு வைத்திருப்பவர், மரம் அறுக்கத் தெரிந்தவர். பத்னோட் வீட்டுக் கிளையை எடுத்துத் தர வேண்டும், ரெஜான் சம்மதித்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே பொய் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"ரெஜானா? அந்த மரத்துக்கா?" என்றார் லொரேன். "போன வருசம் அதுல ஒரு குச்சிய ஒடிச்சேன்னு ரெண்டு மாசம் எங்கூடப் பேசல அந்த ஆளு. குடிச்சிருந்தானா?"

"ஃப்ளோரிடால இருக்காரு."

"அப்ப குடிச்சுத்தான் இருப்பான். மனசு மாறுறதுக்குள்ள வா."

அன்று மதியம் அவர் சங்கிலி ரம்பத்துடன் வந்தார். கிளை மின்கம்பிப் பக்கம் விழாமல் இழுத்துப் பிடிக்க ஒரு டிராக்டர் வேண்டும் என்றார். என்னிடம் இருந்த சாவியால் கொட்டகையைத் திறந்து ரெஜானின் டிராக்டரை வெளியே எடுத்தது நான்தான். லொரேன் கிளையில் இரும்பு வடத்தைக் கட்டினார், நான் டிராக்டரில் உட்கார்ந்து வடத்தை இறுக்கி வைத்தேன். காற்று வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த மரம் தலையுயரத்தில் இரண்டாகப் பிரியும். அந்தக் கவையில் லொரேன் அறுக்கத் தொடங்கி, பாதி போனதும் ரம்பம் கிறீச்சிட்டுப் பொறி பறந்தது. சங்கிலி அறுந்தது. உள்ளே பார்த்தால் விரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பி. பெரிய உறைமழையில் கவை பிளந்தபோது ரெஜான் குறுக்கே கம்பி செலுத்தி முடுக்கியிருக்கிறார். இத்தனை வருடத்தில் பட்டை வளர்ந்து அதை விழுங்கிவிட்டது.

லொரேன் காதுக் கவசத்தைக் கழற்றினார். "இந்தக் கம்பியப் பத்தி அவன் உங்கிட்டச் சொல்லலையா?"

"மறந்திருப்பாரு," என்றேன்.

"கம்பிய மறப்பான். இந்த மரத்துல இருக்கிற கம்பிய மறப்பானா?"

லொரேன் மரத்தைப் பார்த்தார், மேலே மின்கம்பியைப் பார்த்தார், பிறகு எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் மிலேனின் கட்டில்.

"பாதி அறுத்தத இப்படியே விட்டா ஐஸே வேணாம், காக்கா உக்காந்தாலே போதும், மொத்தமும் கரண்ட் கம்பி மேலதான்," என்றார். அதன் பிறகு வண்டியிலிருந்து வேறு சங்கிலி எடுத்து மாட்டினார். வடத்தை அடிமரத்துக்கு மாற்றிக் கட்டச் சொன்னார். பிறகு மரத்தை அடியோடு அறுத்து, சாலையை விட்டு விலகி, பத்னோட் வீட்டு முற்றத்துப் பனியில் விழவைத்தார். விழுந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக மிலேன் பிறகு சொன்னாள். லொரேன் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "கண்ணு, நீ ஜாஸ்தி படிக்கிற, கம்மியாத் தூங்குற," என்று மட்டும் சொன்னார். அவர் அறுத்தது என் வார்த்தையை நம்பி. இதை இந்த வாக்குமூலத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்று சார்ஜென்டைக் கேட்டுக்கொண்டேன்.

திங்கள் விடிந்ததும் மழை தொடங்கியது. கம்பளி நூல் விறைத்துத் தென்மேற்கைக் காட்டியபடி நின்றுவிட்டது. துணிக்கொடியைச் சுற்றிக் கண்ணாடி வளர்ந்தது. நான் கொடிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பாட்டரியின் பச்சை விளக்கைப் பார்ப்பேன், கூரை விளக்கைப் பார்ப்பேன், பிறகு திரும்பவும் கொடி. "ஒரு இடத்துல உக்காரு," என்றாள் மிலேன், "நீ நடக்குறதப் பாத்தா... எனக்கு மூச்சு வாங்குது." கொடியில் பென்சில் கனம் வந்ததும் காற்று நின்றது. சற்று நேரத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. மதிய உணவுக்கு முன்பே எல்லாம் கரைந்து ஓடியது. எங்கள் சாலையில் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. என் கண்ணில் பட்ட ஒரே சேதம், மரச்சிலுவை அருகே கால்வாயில் கிடந்த ஒரு பாப்ளர் மரக் கிளை.

மரம் நின்றிருந்தால் பென்சில் கன ஐஸில் அந்தக் கிளை ஒடிந்திருக்குமா என்று சார்ஜென்ட் கேட்டார். ஒடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு நானே ரெஜானுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேறு யாரும் முந்திச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"அடியோடவா?" என்றார்.

"ஆமா."

"கரண்ட் போச்சா?"

"போகல."

"ஐஸ் எவ்வளவு?"

"கொடில பென்சில் கனம்."

"பென்சில்," என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவருடைய கேரவன் வந்து நின்றது. மார்ச்சுக்கு முன் அவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. முதலில் மரம் கிடந்த இடத்துக்குப் போனார். கையுறையைக் கழற்றிவிட்டு அறுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேரவனிலிருந்து ஜெனரேட்டரை இறக்கி, சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துவந்து எங்கள் வீட்டு முன்வாசலில் நிறுத்தினார். பெட்ரோல் ஊற்றி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அணைத்தார். கதவைத் தட்டவில்லை. நான் திறந்தபோது சாவிக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்று காலை இங்கே வர வேண்டியிருந்தபோது மிலேனுடன் இருக்க ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாக வரும் செவிலிக்கு விடுப்பு. லொரேனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது ரெஜான் வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு மிலேனின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போ, போய் நடந்தத சொல்லிட்டு வா," என்றார். "புகார வாபஸ் வாங்க மாட்டேன், அத எதிர்பாக்காத. கரண்ட் போனா நான் பாத்துக்கிறேன்."

"சீட்டு... எடுத்துட்டு வந்தீங்களா?" என்று மிலேன் கேட்டாள்.

"கொண்டாந்திருக்கேன். காசு வச்சு ஆட மாட்டேன், உங்க வீட்ல பொய் ஜாஸ்தி."

மிலேன் சிரித்தாள். அவள் சிரித்தால் இயந்திரம் சீழ்க்கை அடிக்கும். நான் வெளியே வந்த பிறகும் கேட்டது.

அதே சூழ்நிலை வந்தால் மீண்டும் இதைச் செய்வீர்களா என்று சார்ஜென்ட் கேட்டார். ஐஸை நான் தப்பாகக் கணித்தேன். அந்த மரத்தை இனி யாராலும் நிறுத்த முடியாது. ரெஜானிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம், மிலேனின் பாட்டரியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம், நான் கிளையைப் பற்றி மட்டும்தான் பேசினேன். இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும்போது காலை அறிவிப்பு மாறிவிட்டது. இன்று மாலையிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்கிறார்கள். நிலையத்தின் முன்னால் கொடிக்கம்பத்தில் கொடி எங்கள் ஊர்ப்பக்கம் பறக்கிறது. காற்று வடகிழக்கு. ஜன்னலில் முதல் துளிகள் விழுந்து அப்படியே நிற்கின்றன.

இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, நடந்தபடி சொன்னது. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவதாக சார்ஜென்ட் சொன்னார். சாலை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, இறுகுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வாசிக்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டு, வாசிக்காமலே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அரியான் லெத்தூர்னோ