மருந்துக்கடை அக்காவின் சனிக்கிழமைப் பெஞ்சு

மேடையில் வீற்றிருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் பெற்றோர்களே! உட்கார இடமில்லாமல் சன்னலோரம் நிற்பவர்களுக்கும் என் வணக்கம். நாற்காலி போதவில்லை. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் அதையும் என் தலையில்தான் கட்டியிருப்பார்.

'மருந்தாளுநர் அம்மையார் அவர்கள்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். அப்படி யார் அழைத்தார்கள் அவரை? உங்களுக்கெல்லாம் அவர் மருந்துக்கடை அக்கா. தலைமையாசிரியர்களாகிய நாங்கள் எங்களுக்குள் வேறொரு பெயர் வைத்திருந்தோம். தாழ்ப்பாள். "இன்னைக்குத் தாழ்ப்பாள் அங்க வருதாம், உஷார்" என்று ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குத் தொலைபேசி போகும். அந்தப் பெயர் பிறந்தது வேறெங்குமில்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இதே பள்ளியில்தான். இதன் தலைமையாசிரியை என்ற முறையில் அந்தக் கதையைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

இத்தகைய கூட்டத்தில் புகழ்ந்து மட்டும் பேசுவது வழக்கம். ஆனால் அக்காவைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டு இறங்கினால் அது அவருக்கே பிடிக்காது. "பக்க விளைவைச் சொல்லாம மருந்து குடுக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. ஆகவே அவருடைய பக்க விளைவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடிவாதம். ஒரு தடவை இல்லை என்றால், நாம் தலைகீழாக நின்றாலும் இல்லைதான். எங்கள் அறையில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, எங்கள் பள்ளியையே குறை சொல்வார். அதுவும் வெண்கலக் குரலில், வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கும்படி. அவர் குரலைத் தணித்துப் பேசி நான் கேட்டது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதற்கு வருகிறேன்.

நம் நகரத்தில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? எத்தனை பள்ளிகள்! விருப்பமான பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதித் தரச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு விளக்கக் கையேடு. அதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். கல்வி அலுவலர் பொறுத்தருள வேண்டும். அதைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போன பெற்றோர் கடைசியில் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் எதை எழுதினாரோ அதையே எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரைக் கேட்டு எழுதினார்? இந்தப் பெற்றோரைக் கேட்டுத்தான்.

அக்காவும் முதலில் அப்படித்தான் எழுதினார். ஊரே மெச்சிய பள்ளியில் தன் மகளைச் சேர்த்தார். கொஞ்ச நாளில் மகளுக்குக் காலையானால் வயிற்றுவலி. தாய் மருந்தாளுநர், கேட்கவா வேண்டும்? கடையிலிருந்த வயிற்று மருந்தெல்லாம் ஒரு சுற்று வந்தது. வலி மட்டும் போகவில்லை. விடுமுறை நாளில் எட்டிப் பார்க்காத வயிற்றுவலி என்ன வயிற்றுவலி என்று ஒருநாள் உறைத்தது. அந்தப் பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் சத்தமும் போட்டியும் அதிகம். இந்தப் பிள்ளையோ ஒதுங்கி நின்று பார்க்கிற பிள்ளை. சிறிய பள்ளி ஒன்றுக்கு மாற்றினார். வலி போன இடம் தெரியவில்லை. மகள் இதோ முன்வரிசையில் சிரிக்கிறார், உண்மைதானே அம்மா? "என் கடையிலயே இல்லாத மருந்து அது" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகுதான் கடைக்குள் அந்தப் பெஞ்சு வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்த எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க பிள்ளையா இருந்தா எங்க சேர்ப்பீங்க அக்கா?" அதற்கு மட்டும் அவர் பதில் சொன்னதே இல்லை. "என் பிள்ளை கதை முடிஞ்சிருச்சு. வயசு, எடை, ஒத்துக்காதது எதுவும் கேக்காம நான் மருந்து குடுக்கறதில்ல. முதல்ல உங்க பிள்ளையச் சொல்லுங்க, அப்புறம் பள்ளிக்கூடத்தச் சொல்றேன்."

பின்வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். சீருடையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். அவரும் மனைவியும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த கதையை அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு நகரத்தின் பெரிய பள்ளிதான் வேண்டும். ஏனென்றால் அங்கே நீச்சல் குளம் இருக்கிறது.

"பொண்ணுக்குத் தண்ணின்னா இஷ்டமா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இவர் யோசித்தார். மனைவிதான் பதில் சொன்னார். "குளிக்கக் கூப்பிட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்குவா அக்கா."

"அப்போ நீச்சல் குளம் யாருக்கு?"

"இவருக்குத்தான்" என்றார் மனைவி.

கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பொண்ணு கூட இருந்து பாருங்க. எதுக்குச் சிரிக்கறா, எதுக்கு அழறா, யாரோட ஒட்டறா. அடுத்த சனிக்கிழமை வந்து எனக்குச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். இவர் திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கதைக்குள் இப்போது நான் நுழைகிறேன்.

அந்த ஆண்டு என் பள்ளிக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு சேர்க்கை குறைந்துகொண்டே வந்து, முதல் வகுப்பு நிரம்பாவிட்டால் பள்ளியை நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சாலையை உங்களுக்குத் தெரியும். பெரியவர்களே பார்த்துப் பார்த்துக் கடக்க வேண்டிய சாலை. அதைச் சின்னஞ்சிறுசுகள் தினமும் இரண்டு முறை கடக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வகுப்பு நிரம்பிவிடும். ஆனால் அவர் என் பள்ளிக்கு ஒரு ஈ காக்கையைக்கூட அனுப்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்! நேரே கடைக்குப் போய்விட்டேன்.

"எங்க பள்ளிக்கூடம் மேல உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, என்னை உள்ளே அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனார். அப்போதுதான் குரலைத் தணித்தார்.

"டீச்சரம்மா, உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களோட அம்மாமாருங்க என்கிட்ட என்ன மருந்துக்கு வர்றாங்க தெரியுமா? நீர்க்கடுப்புக்கு. ஒருத்தி ரெண்டு பேர்னா விட்டுருவேன். வாரத்துக்கு வாரம் வர்றாங்க. பிள்ளைங்க அங்க தண்ணியே குடிக்கறதில்ல போல. ஏன்னு பாத்தீங்களா?"

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு அவரே வந்தார். முதலில் பார்த்தது வகுப்பறையை அல்ல. வராந்தாவில் இருக்கும் குடிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். "சாயங்காலம் ஆச்சு, காலையில நிரப்புன தண்ணி அப்படியே நிக்குதே" என்றார். பிறகு பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு நடந்தார். ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தோழி கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும்.

நான் சும்மா இருந்தவள் அல்ல. தாழ்ப்பாள் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், நினைவூட்டியிருக்கிறேன், நேரில் போயும் நின்றிருக்கிறேன். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். "கோப்பு நகரட்டும். அதுவரைக்கும் பிள்ளைங்க அடக்கிக்கிட்டு இருக்கணுமா?" என்றார். அந்த வாரமே தச்சர் ஒருவரை அழைத்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். இருவரும் உள்ளே போய்ப் போய்ப் பூட்டிப் பார்த்தோம். ஒன்று இறுகிக்கொண்டு திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டது யார் என்று கேட்காதீர்கள். அக்கா வெளியே நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"சரி, இனிமே அனுப்புவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

"ஏங்க்கா? அதான் தாழ்ப்பாள் போட்டாச்சே?"

"நீங்க போட்டுட்டீங்க. பிள்ளைங்க நம்பணும்ல? தொட்டி காலியாகட்டும், பாக்கலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். விண்ணப்பக் கெடு கழுத்தை நெரிக்கிறது. பள்ளியின் உயிர் ஊசலாடுகிறது. இவரோ பள்ளி விடும் நேரத்துக்கு வந்து, தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டுப் போகிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஒருநாள் மூடியைத் திறந்தவர் அடியில் கையை விட்டுத் துழாவினார். கை நனையவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரச் சனிக்கிழமைப் பெஞ்சு முடிந்து, திங்கட்கிழமை என் அறை வாசலில் ஒரு குடும்பம் நின்றது. நம் லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, அம்மாவின் முந்தானைக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

"மருந்துக்கடை அக்கா அனுப்பினாங்க மேடம்" என்றார் அவர். "கட்டடம் பழசு, மழை வந்தா வராந்தா ஒழுகும், கம்ப்யூட்டர்ல பாதி ஓடாது, டீச்சரம்மாவுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு சொன்னாங்க."

எனக்கு ஏறியது பாருங்கள், மூக்குக்கு மேல். "இவ்வளவு கேட்டுமா வந்தீங்க?" என்றேன்.

"எங்க பொண்ணு எதுவும் வேணும்னு வாய்விட்டுக் கேக்க மாட்டா மேடம். ஒரு வாரம் கூட இருந்து பாத்துட்டு அக்காகிட்ட அதத்தான் சொன்னேன். கேக்காத பிள்ளைக்கு இந்த இடம்தான் சரின்னாங்க. இங்க ஒரு குறையக் காட்டினா, கோபப்பட்டுக்கிட்டாவது சரி பண்ணிடுவாங்கன்னு சொன்னாங்க."

பெரியோர்களே, எத்தனையோ பாராட்டுகளை இந்த மேடையில் வாங்கியிருக்கிறேன், சால்வைகளும் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது அந்த வார்த்தைக்கு ஈடாகுமா? அதன்பின் ஒவ்வொரு குடும்பமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் என் பள்ளியின் குறைகளை மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் ஒப்பித்துவிட்டுத்தான் பிள்ளையைச் சேர்த்தார்கள். தெரிந்தே வந்தவர்கள் அல்லவா? ஒருவரும் பாதியில் விட்டுப் போகவில்லை. முதல் வகுப்பு நிரம்பியது. நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய அவசியம் எந்தக் குழந்தைக்கும் வரவில்லை. அன்று முந்தானைக்குள் ஒளிந்த பெண்தான், சற்றுமுன் இந்த மேடையில் உங்களுக்கெல்லாம் வரவேற்புச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அக்கா நிறைவாக வாழ்ந்தார். நிறைவாகவே போனார். கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய், கணவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். எனக்கு அழுகை வராமல் இல்லை. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது.

இனி அந்தப் பெஞ்சில் அக்காவின் இடத்தில் யார் உட்கார்வது? கடையை மகள் நடத்தப் போகிறார். பெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கும் மனைவியும் முதல் சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டோடு ஓய்வு பெறும் நானும் அவர்களோடு உட்காரப் போகிறேன். இங்கே கூடியிருக்கும் உங்கள் அனைவர் முன்னும் உறுதி கூறுகிறேன். பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்ல மாட்டேன். எந்தப் பள்ளியையும் அதன் குறையை மறைத்துப் பரிந்துரைக்க மாட்டேன், என் பள்ளியானாலும். தலைமையாசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிக்கும் வருவேன், தேநீர் தயாராக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மதியம் இந்தக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்புப் பெண்கள் கூட்டமாக வந்து என்னிடம் புகார் சொன்னார்கள். சாப்பாட்டு மணிக்கே தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டதாம், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. மறுபடி நிரப்பச் சொல்லிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.