கைக்குள் வந்த மீன்

ஆமத்தூரில் பஸ் ஏறியவரின் வலக்கை தீயில் வெந்து, விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. முன்சீட்டுப் பெண் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் முன்பு ஒரே பட்டாசு கம்பெனியில் இருந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“இப்ப என்ன வேலை பாக்கீகண்ணே?”

“சிவகாசில ஒரு வீட்ல மீன்தொட்டியப் பாத்துக்கிறேன் தாயி. அங்கன ஒரு மீனு இந்தக் கைக்குள்ளதான் வந்து படுக்கும்.”

“இந்தக் கையிலயா?”

“ஆமா. எம்மகளே பிடிக்கத் தயங்குற கை. கடல் சாமந்தின்னு, பூ மாதிரி, தொட்டா கொட்டுற ஒரு உசுரு தொட்டியில இருக்கு. அதுக்குள்ளதான் மீனு குடியிருக்கணுமாம். போகவே மாட்டேன்னுச்சு. தெனமும் கையில ஏந்தி அதுகிட்ட கொண்டுபோனேன்.”

“அது ஒங்க கையக் கொட்டாதா?”

“கொட்டும். இந்தக் கைக்குத் தெரியாதுல்ல.”

அந்தப் பெண் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார்.

“போன வாரம் மீனு அதுக்குள்ள போயிருச்சு. வீட்டுக்காரவுகளுக்கு அம்புட்டு சந்தோசம்.”

“ஒங்களுக்குண்ணே?”

“எனக்குந்தான். ஆனா தண்ணி மாத்தையில, கைய இன்னுங் கொஞ்ச நேரம் உள்ளயே வச்சிருக்கேன் தாயி.”