ஏழாவது படத்தில் இல்லாத போன்

எங்கள் வீட்டுப் போனைத் துடைப்பதற்கென்றே அம்மா ஒரு மஞ்சள் துணி வைத்திருக்கிறார். வேறு எதற்கும் அதை எடுக்கக்கூடாது. ஒருமுறை நான் அதில் என் கேமரா லென்ஸைத் துடைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் அந்தப் போனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புகார் கொடுத்தது என்னோடு படிக்கும் முக்காலி. கேமரா ஸ்டாண்டைப் போல நெட்டையாக, எங்கே நிறுத்தினாலும் ஆடாமல் நிற்பதால் அந்தப் பெயர். இறுதியாண்டுப் படைப்புகளை மண்டபத்தில் மாட்டிவிட்டு, தேர்வாளர்கள் முன்னால் பேச நாங்கள் எல்லோரும் காத்திருந்தபோது, அவன் மட்டும் என் படங்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கிறான். எல்லாமே அம்மா ஜன்னலோரம் நிற்கும் படங்கள். ஆறாவது படம்வரை பக்கத்து ஸ்டூலில் போன் இருக்கிறது, ஏழாவதிலிருந்து இல்லை. படம் அழகாக வரட்டும் என்று நான் அதை அப்புறப்படுத்திவிட்டேனாம். எங்கள் ஆவணப் புகைப்படப் பிரிவில் ஒரு பொருளை நகர்த்தினாலும் படைப்பு செல்லாது. ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: “இருக்கறத இருக்கற மாதிரியே எடுங்க. எதையும் தொடாதீங்க, எதுலயும் தலையிடாதீங்க.” அந்த விதியை நான் மதிக்கிறேன். திரைச்சீலை கோணலாகத் தொங்கியபோதுகூடக் கை பரபரத்ததை அடக்கிக்கொண்டேன். ஆகவே இந்தப் புகார் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

போனை எடுத்தது நான்தான். ஆனால் அழகுக்காக அல்ல.

என் அண்ணன் நான்கு வருடம் முன்பு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றான். “இனிமே இந்த வாசப்படி ஏறாத” என்றார் அம்மா. எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்; சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடும். அண்ணன் ரோஷக்காரன், சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மாலையானால் அம்மா ஜன்னலில் நிற்பார். அங்கிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். கடைசியாக இறங்குபவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சுவிடுவார். அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்று, யாருமே கூப்பிடாத அந்தப் பழைய போனையும் விடாமல் வைத்திருந்தார்.

நானும் அதே நிறுத்தத்தில்தான் தினமும் இறங்குகிறேன். என்னைக் கண்டதும் அம்மா அடுத்த பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் படத்துக்கு என் வருத்தம் வேண்டியதில்லை, அம்மாவின் முகம் போதும். முதல் ஆறு படங்களைப் பார்த்த ஆசிரியை, “இந்த முகம் கடைசிவரைக்கும் இப்படியே இருந்தா, உன்ன மிஞ்ச ஆளே இல்ல” என்றார். மூன்று வருடத்தில் என்னை யாராவது பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம் போன் அடித்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தார்.

“குட்டி, நாந்தான். அம்மா இருக்காங்களா?”

“இல்ல.”

“அவங்களுக்குக் கோவம் போயிடுச்சா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடம் வாயே திறக்காதவனுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா? “உன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாங்க,” என்றேன். “என் புராஜெக்ட் முடியட்டும். அப்புறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

அதற்குப் பிறகுதான், “ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க குட்டி. ரொம்பத் தள்ளிப்போடக்கூடாதாம். அம்மா ஒரு தடவ வந்து பாத்தா தைரியமா இருக்கும்” என்றான்.

“ஆஸ்பத்திரியில அப்படித்தான் பயமுறுத்துவாங்க. கொஞ்சம் பொறு.”

அண்ணன் எப்போதும் நான் சொன்னால் கேட்பான். என் செல் நம்பரைக் கொடுத்து, இனி அதற்கே கூப்பிடச் சொன்னேன்.

பிறகு போனைக் கழற்றி என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்தேன். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னேன். “சீக்கிரம் வாங்கிட்டு வாம்மா. இந்த நேரம் பாத்து அவன் கூப்பிட்டுட்டா?” என்று அரித்தெடுத்தார். போன் இல்லாததால் ஜன்னலில் இன்னும் அதிக நேரம் நின்றார். ஏழாவதிலிருந்து படங்கள் நன்றாக வந்ததற்கு அதுதான் காரணம், ஸ்டூல் காலியானது அல்ல. முக்காலிக்கு எப்போதுமே பார்வை போதாது.

அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். பொறுக்கச் சொன்னேன். அதற்கடுத்து அவனுடைய அறையில் தங்கியிருந்தவர் பேசினார்.

“தள்ளிப்போட்டுட்டே இருந்தாம்மா. காலையில முடிஞ்சிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் உடம்ப வச்சிருக்கட்டுமா?”

“வேண்டாங்க. நீங்களே பாத்து எல்லாம் பண்ணிடுங்க,” என்றேன்.

எனக்கு இன்னும் ஒரு படம் பாக்கியிருந்தது. அன்று மழை விட்டு வெளிச்சம் இதமாக இருந்தது. அம்மா வழக்கம்போல் ஜன்னலுக்கு வந்தார். நடுவில் பெரிதாக மாட்டியிருக்கிறேனே, நீங்கள்கூட வெகுநேரம் நின்று பார்த்தீர்கள், அந்தப் படம் அன்று எடுத்தது. அழுதாயா என்று கேட்பீர்கள். அழுதேன். கண் கலங்கியதில் ஃபோகஸ் பிடிபடாமல் இரண்டு படங்கள் வீணாயின.

நடந்தது இவ்வளவுதான். இதில் எந்த இடத்திலும் அழகுக்காக நான் எதையும் நகர்த்தவில்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

படைப்பு முடிந்துவிட்டதால் போனைப் பழையபடி ஸ்டூலில் வைத்து இணைப்பும் கொடுத்துவிட்டேன். அம்மா அதை மஞ்சள் துணியால் துடைத்தார். ரிசீவரைக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தார்.

“இனிமே கூப்பிடுவான் பாரு” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிலும் தலையிடக்கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.