விசில் இல்லாமல் வந்த விமானம்

இரவு ஒன்றரை மணி. வட ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குத் தெற்கே ஐம்பது மைல். நெடுஞ்சாலையில் முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. மெர்வ் டிரெம்பத் தன் லாரியின் விளக்கை அணைத்துவிட்டு, நிலா வெளிச்சத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார்...

விளக்கை ஏன் அணைத்தார்? பொறுங்கள், சொல்கிறேன். அந்தக் கட்டையை நெருப்புக்குள் தள்ளிவிட்டுக் கிட்ட வாருங்கள். மெர்வ் யாரோ எவரோ இல்லை. நம்ம டெஸ் இருக்கிறானே, இன்று மீன்பிடிக்க வராமல் டிமிக்கி கொடுத்தவன், அவனுடைய சித்தப்பா. டெஸ் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் நான் வைக்கவில்லை.

அது 1958, அக்டோபர். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், சண்டைக் காலத்தில், அதே சாலையோரத்து ஓடுதளத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குத் துப்பாக்கி பார்க்கிற வேலை மெர்வுக்கு. முதலில் இறக்கைக்குள் இருக்கிற துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்ப வேண்டும். பிறகு துப்பாக்கி வாய் ஒவ்வொன்றின் மேலும் வட்டமாக ஒரு சிவப்புத் துணியை ஒட்ட வேண்டும். புழுதி போகாமல் இருக்கத்தான். ஆனால் துணி முழுசாக இருந்தால் துப்பாக்கி தயார் என்று அர்த்தம். மேலே போய்ச் சுட்டால் துணி கிழியும். கிழிந்த ஓட்டையில் காற்றுப் புகுந்து, விமானம் விசிலடித்துக்கொண்டே திரும்பும். கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் காதைத் தீட்டிக்கொள்வார்கள். விசில் கேட்டால்... நம்ம ஆள் சுட்டிருக்கிறான்.

கிளெம் ரடக் விசில் இல்லாமல் வந்தான்.

இருபத்தொரு வயசுப் பையன். ஜப்பான் விமானங்கள் குண்டு போட வந்த நாள். அவனோடு ஜோடியாகப் பறந்த நண்பன் எரிந்து விழுந்ததைப் பலர் பார்த்தார்கள். கிளெம் மட்டும் புகையைக் கக்கிக்கொண்டு ஓடுதளத்தின் மேலே தாழ்வாக வந்தான். எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். எஞ்சின் சத்தம் மட்டும்... அப்படியே தாண்டிப் போய்ச் சதுப்பில் விழுந்தான். ரேடியோவில் அன்று முழுக்க வெறும் இரைச்சல். ஆளும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரு பெயர்தான். கோழை. நண்பன் சாகும்போது ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஓடி வந்தவன்.

உண்மை மெர்வ் ஒருவருக்குத்தான் தெரியும். பசை காய நேரமாகிறதே என்று அன்று அவர் துணியை முதலில் ஒட்டிவிட்டார். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்து தோட்டா நிரப்பலாம் என்று போனார். அதற்குள் அபாய மணி அடித்தது. கிளெம் ஓடி வந்தான். துணி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. ஏறினான், போய்விட்டான். மெர்வ் படிவத்தில் ‘நிரப்பியாயிற்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அது இன்னும் மோசம் என்பது என் கட்சி.

ஐம்பத்தெட்டில் மழை பொய்த்தது. சதுப்பு வறண்டு வெடித்தது. எருமை வேட்டைக்குப் போனவர்கள் கண்ணில் விமானம் பட்டது. சாராயக்கடை நெவ்தான் சேதி சொன்னான். சண்டைக் காலத்தில் அதே விமானத்துக்கு எஞ்சின் பார்த்தவன்.

“டேய் மெர்வ், உன் பழைய வண்டி சேத்துலேருந்து எந்திரிச்சிருச்சுடா. நாளைக்குத் திறந்து பாக்கப் போறாங்க. கிளெமோட அக்கா வந்திருக்கு.”

“பாக்கட்டும். எனக்கென்ன?”

“அப்புறம் ஏன்டா உன் கிளாஸ் ஆடுது?”

நெவுக்குத் தெரியுமோ என்கிற சந்தேகம் மெர்வுக்குப் பதினைந்து வருஷமாக உண்டு. அன்று அது முற்றிவிட்டது. இறக்கையைத் திறந்தால் தோட்டாப் பெட்டி காலியாக இருக்கும். அவர் கையெழுத்துச் சந்தி சிரிக்கும்.

அதனால்தான் அந்த நேரம், அந்த இருட்டு. இருக்கைக்கு அடியில் சாக்குக்குள் சண்டைக் காலத்துத் தோட்டாப் பட்டை ஒன்று. தன் கையாலேயே எண்ணிக் கோத்தது. அறுபது தோட்டா.

லாரியை ஓரங்கட்டிவிட்டு நடந்தார். கருகிய புல் வாசனை. காலடியில் சேறு மொறுமொறுவென்று உடைந்தது. எங்கேயோ ஒரு பறவை, பெண்பிள்ளை அழுகிற மாதிரிக் கத்தியது. விமானத்தின் ஒரு இறக்கை சேற்றுக்குள். இன்னொன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

கிட்டப் போகப் போக வேறு ஒரு வாசனை... நகப்பூச்சு மாதிரி. அது துணி ஒட்டுகிற பசையின் வாசனை. டார்ச்சை அடித்தார். துப்பாக்கி வாய்களில் சிவப்புத் துணி. ஒரு மழைக்கே இற்றுப்போகிற துணி அது. விரல் வைத்தார்.

பிசுபிசுவென்று ஒட்டியது.

“நெவ்! வெளியே வாடா பொறம்போக்கு! என்கிட்டயே விளையாடறியா?”

பூச்சிச் சத்தம் நின்றதுதான் மிச்சம். யாரும் வரவில்லை. மெர்வ் இறக்கையின் மூடியை நெம்பினார். துப்பாக்கிகள் துருப்பிடித்துக் கட்டியாகக் கிடந்தன. பட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினார்.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில்... மேலே... ஓர் எஞ்சின். இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு படுத்து எழுந்தவருக்கு அடையாளம் தப்புமா? தாழ வந்தது. இன்னும் தாழ. விளக்கு இல்லை, உருவம் இல்லை. தலைக்கு மேல் போனபோது சுற்றிலும் புல் தரையோடு படுத்தது. காதைக் கொடுத்துக் கேட்டார்.

விசில் இல்லை.

லாரிவரை எப்படி ஓடினார் என்பது அவருக்கே தெரியாது.

காலை ஒன்பது மணிக்கு நெவ் தன் ஜீப்பில் கிளெமின் அக்கா தெல்மாவையும், ஒரு விமானப்படை அதிகாரியையும் கூட்டிவந்தான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று மெர்வும் போனார். துணிகள் உள்ளேயிருந்து வெளியே கிழிந்திருந்தன. ஓரமெல்லாம் கரி. இறக்கைக்குக் கீழே சேற்றில் பளபளவென்று சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகள். பெட்டி காலி.

அதிகாரி துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தார். “இது துருக்கட்டி. இதுலேருந்து ஒண்ணும் சுட முடியாது. எருமைக்காரனுங்க ராத்திரி குடிச்சிட்டு ஆடியிருப்பானுங்க.”

மெர்வ் நெவைப் பார்த்தார்.

“என்னை ஏன்டா முறைக்கிற? ராத்திரி பூரா இவங்க தம்பி கதையத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். வேணா இவங்களையே கேளு.”

தெல்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு மெர்விடம் வந்தாள்.

“மிஸ்டர் டிரெம்பத், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் தம்பி ஏன் சுடல? எங்கம்மா சாகற வரைக்கும் தெருவுல தலை காட்டல. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.”

மெர்வ் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

“தெரியாதும்மா. நான் நிரப்பித்தான் அனுப்பினேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். எல்லோரும் போன பிறகு மெர்வ் மண்டியிட்டுக் கூடுகளைப் பொறுக்கி எண்ணினார். ஐம்பத்தொன்பது. சேற்றைக் கிளறிவிட்டு மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்பதுதான். ஒன்று குறைந்தது.

அதற்கப்புறம் இருபது வருஷம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்ததே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில் படுத்திருந்தபோது டெஸ்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். “தெல்மாவுக்கு எழுதிப் போட்டுடுடா” என்றார். விடிந்தபோது ஆள் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். கட்டிலுக்கு எதிரே, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம், வட்டமாக ஒரு சிவப்புத் துணி. நடுவில் ஓட்டை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

டெஸ் கடிதம் எழுதினான். தபாலில் போடவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னான்:

“செத்த மனுஷன் பேரை எதுக்குடா கெடுக்கணும்? அந்தம்மாவுக்கும் அறுபது தாண்டியாச்சு. விடு.”

பத்து மாசமாகக் கடிதம் அவன் வண்டியிலேயே கிடக்கிறது.

அவன் இன்று ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே... சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டாலும் திறக்க மாட்டேன் என்கிறான். வண்டி வாசலில் நிற்கிறது. முன் கண்ணாடியில், ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக, சிவப்பு வட்டம் ஒன்று. தொட்டுப் பார்த்தேன். இதோ, விரலில் பசை இன்னும் போகவில்லை, மோந்து பாருங்கள்.

துணி கிழியவில்லை. முழுசாக இருக்கிறது.