ஏற்றும் முன் போடாத ஊசி

கிள்ளான் ஆஸ்பத்திரிக்காரர்களே, தப்பு உங்களுடையது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில், தாய்ப்பால் வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன்.

“இருபத்தஞ்சாவது வாரமே வலி வந்துருச்சுக்கா. பாப்பா நுரையீரல் தேற எனக்குப் போடுற ஊசிய, கிள்ளான்ல போடாம, கேஎல்ல போடுவாங்கன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. ரோடெல்லாம் ஜாம் லா. இறங்கினதும் பொறந்துட்டா.”

“இப்ப?”

“மெஷின்லதான் மூச்சு. இன்னும் தூக்கவே விடல. விரல நீட்டினா பிடிச்சுக்குறா.”

“ஏன் போடலன்னு கேட்டியா?”

“ஃபாரம் எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க.”

“அவங்க பதில் சொல்றதுக்குள்ள பாப்பா ஸ்கூலுக்கே போயிருவா!”

“போனா போதும்க்கா.”

அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் அந்த ஊசியை ஏன் போடவில்லை? ஃபாரத்தில் வேண்டாம். எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.