மூடியில் எண் எழுதுவதில்லை

எச்சில் வேறு, சளி வேறு. இது தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். டப்பாவைக் கையில் கொடுத்து, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், நுரை நுரையாக எச்சிலைத் துப்பிவிட்டு வந்து நிற்பார்கள். அபூர்வமாக ஒருவர் கெட்டியாக, மஞ்சளாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது எங்களுக்கு மனம் நிறைந்துவிடும். அருமையான சளி என்று வாய்விட்டே பாராட்டுவோம். வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லி என் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, இந்த விசாரணைக்காக நீங்கள் எழுதிய அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இரண்டு டப்பாக்களின் மூடி மாறியதால் முடிவும் மாறிப்போனது, என் உதவியாளரான பெண் கவனக்குறைவாக இருந்துவிட்டாள் என்று அதில் இருக்கிறது. மூடியில் நாங்கள் எண் எழுதுவதே இல்லை. மூடி என்றால் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் மாறத்தான் செய்யும். அதனால் டப்பாவின் வயிற்றில்தான் எண் ஒட்டுவோம். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. என் ஆய்வகத்தில் மூடியால் எதுவும் கெட்டுப்போகாது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

என் மகள் நர்ஸ். மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மூன்றாவது மாடி, இரண்டு அறை, வாசல் பக்கம் ஒரு ஜன்னல். அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நான் தடுக்கவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி வாங்க நானும்தான் கூடப் போனேன். அந்த வாரம் முழுக்க அவள் எனக்கு வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது, ஒரு ஆளுக்கு மட்டும் எப்படி அளந்து சமைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அது வேறு விஷயம்.

வெளிநாடு போகிறவர்கள் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவள் படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு கீற்று இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு நெஞ்சில் கடுமையான சளிக் காய்ச்சல் வந்திருந்தது, அதன் தழும்பு. எங்கள் டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்.

"பழைய தழும்பாதான் இருக்கும். சளி சுத்தமா இருந்தா கையெழுத்து போட்டுடறேன். நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சார். உங்க கண்ணை நம்பாம யாரை நம்பறது."

என் கண்ணைப் பற்றி அவர் சொன்னது உண்மை. காசநோய்க் கிருமி லேசில் பிடிபடாது. சளியை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பூசி, காயவைத்து, தீயில் காட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி கிளம்பும்வரை சூடாக்க வேண்டும். பிறகு அமிலத்தால் கழுவ வேண்டும். மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும், இந்தக் கிருமி மட்டும் விடாது. மேலே நீலம் பூசி லென்சின் கீழே வைத்தால், நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். பார்க்கத் தெரியாதவனுக்குச் சாயத்தின் துகளும் கிருமியாகத் தெரியும். பார்க்கச் சோம்பல்பட்டால் கிருமியும் தெரியாது. நான் சோம்பல்பட்டதில்லை.

அன்று காலையில் என் மகளின் டப்பாவுக்குப் பக்கத்தில் தையல்காரர் ஒருவருடைய டப்பா இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர், ஒடிசலான மனிதர். திறந்ததுமே தெரிந்தது, அவருடையது அருமையான சளி. என் மகளுடையதும் நன்றாக இருந்தது, நர்ஸ் இல்லையா, எடுக்கத் தெரியும். ஆனால் அதில் ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எண் ஒட்டும் வேலையை அன்று நானே செய்தேன். அவருடைய எண்ணை இவளுக்கும் இவளுடையதை அவருக்கும் ஒட்டினேன். வெறும் முடிவை மட்டும் மாற்றி எழுதியிருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மேலிடத்திலிருந்து அவ்வப்போது ஆள் வந்து பழைய ஸ்லைடுகளை எடுத்துத் திரும்பப் பார்ப்பார்கள். ஸ்லைடு பொய் சொல்லக் கூடாது.

கிருமி இருக்கிறது என்று என் மகளிடம் நானே சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு இருமலே இல்லையேப்பா," என்றாள். பிறகு, "நீங்கதான் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா பாத்தேன்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி அடுப்பை அணைத்தாள். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஆறு மாத மருந்து. ஆறு மாதம் தள்ளிப்போகட்டும், அதற்குள் அவள் மனமும் மாறலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வாந்தி எடுப்பாள், மூட்டு வலிக்கிறது என்பாள். வாசல் பக்கத்து அறையை அவளுக்குக் கொடுத்தேன், காற்று வரட்டும் என்று. தட்டும் டம்ளரும் தனி வேண்டாம், அதனால் பரவாது என்று நான் எவ்வளவு சொல்லியும் தனியாகவே வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதாம். முகத்தில் மாஸ்க்கோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பாள். அவளோடு போக இருந்த தோழி விமானம் ஏறிய அன்று சாப்பிடவே இல்லை. நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் புலி வாலைப் பிடித்தவன் கதைதான். இரண்டு மாதம் முடிந்ததும் திரும்பச் சளி எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் வேலைக்குப் போகலாம், கொஞ்ச நாளில் விமானமும் ஏறலாம் என்று டாக்டரம்மா அவளிடம் ஆசை காட்டியிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

தையல்காரரிடம் முதல் முறையே, ஒன்றும் இல்லை, இருமல் நிற்காவிட்டால் இந்தத் தேதியில் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தார். எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே நடையில் ஒரே பெஞ்சு. தூசி வரும் என்பதால் அங்கே ஜன்னலைத் திறப்பதில்லை. அவரும் என் மகளும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து தின்பவளுக்கு எதற்கு என்று அவள் மாஸ்க்கைக் கழற்றியிருந்தாள். நோயே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தவர் எதற்கு மாஸ்க் போடுவார்? இருவரும் சீக்கிரம் சிநேகமாகிவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கறேன்மா, என் சட்டையை மட்டும் மாசாமாசம் பிடிக்க வேண்டியிருக்கு," என்று அவர் சொல்ல, அவள் வெகு நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். குளிர் நாட்டுக்குப் போகும்போது அவளுக்கு ஒரு கோட்டு தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து வெகு நேரம் நிற்கவில்லை. அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்றும் எண்களை மாற்றினேன். முடிவைக் கேட்டதும் அவள், "அந்த ஸ்லைடை நான் ஒரு தடவை பாக்கட்டுமாப்பா?" என்றாள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா இருக்கு. இதுங்கதானா என்னைப் போக விடாம பிடிச்சு வெச்சிருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல, ஐயா. அவள் என்னைத்தான் தேற்றினாள்.

மாத்திரைகளை நீட்டித்தார்கள். ஐந்தாம் மாதம் அடுத்த பரிசோதனை. அன்றைக்கும் வரச் சொல்லியிருந்தேன், தையல்காரர் வரவில்லை. மதியம் வரை பார்த்தேன். கையில் என் மகளின் டப்பா ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவளுடைய சளியையே பூசி, சாயம் ஏற்றி, லென்சின் கீழே வைத்தேன். ஒன்றும் இருக்காது, எல்லாம் முடிந்தது, அவள் போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் குனிந்தேன்.

சிவப்பாக இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்குப் புது மெஷின் ஒன்று வந்திருந்தது. சளியை ஒரு மருந்தோடு கலக்கி, குப்பியில் ஊற்றி உள்ளே வைத்தால், கிருமி இருக்கிறதா, முக்கியமான மாத்திரைக்கு அது அடங்குமா அடங்காதா என்று ஒரு பொழுதுக்குள் சொல்லிவிடும். அதில் வைத்தேன். அடங்காத கிருமி என்று வந்தது. அவள் தின்ற மாத்திரைகள் அவளை வாந்தியெடுக்க வைத்தனவே தவிர, இந்தக் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. அந்த முடிவை நான் அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் விஷயத்தில் நான் எதையும் மாற்றவில்லை. எல்லாம் உண்மையான முடிவு, உண்மையான வைத்தியம். அடங்காத கிருமிக்குத் தினமும் ஊசி. ஊசியால் காது போகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். முதலில் ரீங்காரம் கேட்கிறது என்றாள். பிறகு அதுவும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, சுருட்டி அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன்.

தையல்காரர் இறந்துபோன சேதி, அவர் மனைவி டாக்டரம்மாவிடம் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. போன தடவையெல்லாம் ஒன்றும் இல்லை என்றார்களே, பிறகு எப்படி வேறு ஆஸ்பத்திரியில் எனக்கும் பிள்ளைக்கும் இந்த நோய் என்கிறார்கள் என்று அந்த அம்மாள் நிதானமாகத்தான் கேட்டார். அதிலிருந்துதான் உங்கள் விசாரணை தொடங்கியது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை முழுதாக இருக்க வேண்டும். எண்களை மாற்றியிருக்கவே வேண்டாம். அவர் டப்பாவிலிருந்தே இரண்டு ஸ்லைடு போட்டிருக்கலாம், ஒன்று அவர் பெயரில், ஒன்று இவள் பெயரில். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, அவருக்கும் மருந்து கிடைத்திருக்கும். இது எனக்கு முதல் நாளே தோன்றியது. ஆனால் மருந்து சாப்பிட்டால் யாருக்கும் சளி சுத்தமாகிவிடும். அவருடைய கிருமி மருந்துக்கு அடங்காதது என்று அன்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதம் கழித்து எனக்குத் திரும்பவும் அவருடைய சளி வேண்டியிருந்தது. அதனால் அவரை அப்படியே இருக்கவிட்டேன். இதில் அந்தப் பெண்ணுக்கும் மூடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

என் மகள் இப்போது வார்டில் தனி அறையில் இருக்கிறாள். உங்கள் ஆட்கள் அவளிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டி விசாரித்துவிட்டுப் போனார்களாம். மறுநாள் நான் போனேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். கதவின் மேல்பாதி கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்வை நேரம் முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன், அவள் எழுந்து வரவில்லை. பாவம், காது கேட்கவில்லை, தட்டுவது அவளுக்கு எப்படித் தெரியும்?